பாடம் முடிந்ததும் பயம் வந்துவிட்டது; கம்பெனி தொடங்கலாமா?

வாசகியின் கடிதம்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து 21 வயது மாணவி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தனியார் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு. அப்பா பீன்யாவில் லேத் ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். கல்லூரியில் இரண்டு செமஸ்டர் தொழில்முனைவுப் பாடம் எடுத்திருக்கிறார். முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, ‘படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்குவேன்’, ‘அதற்கான திறமை என்னிடம் உண்டு’ போன்ற வாக்கியங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார்களாம். தொடக்கத்தில் இவருடைய சராசரி 6.5. முடிவில் 4.

இதற்கிடையே இவரும் இரண்டு வகுப்பு நண்பர்களும் சேர்ந்து, மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தை அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்தார்கள். பிசினஸ் பிளான் போட்டியில் முதல் பரிசாக 25,000 ரூபாய் கிடைத்தது. 120 பேரிடம் எடுத்த சர்வேயில் 87 பேர் ‘வாங்குவோம்’ என்றார்கள். புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் கல்லூரி மையம், அதாவது இன்குபேட்டர், இடம் தருகிறது. ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்து 8 சதவீதப் பங்கு தர வேண்டும். மூவருக்கும் சம பங்கு என்பது நண்பர்களின் யோசனை. அவர்களில் ஒருவர் வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. எழுதியிருக்கிறார். இவருக்கு ஆண்டுக்கு 5.5 லட்சம் சம்பளத்தில் கேம்பஸ் வேலையும் கிடைத்திருக்கிறது; ஜூலையில் சேர வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 1.5 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்ட் எழுதித் தர வேண்டும். அப்பா 3 லட்சம் ரூபாய் சீட்டை ஏலத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மா வேலைக்குப் போ என்கிறார்.

“பாடம் படிப்பதற்கு முன் எனக்கு இருந்த தைரியம் இப்போது இல்லை. பாடம் என்னைக் கெடுத்துவிட்டதா, நான்தான் இதற்கு லாயக்கில்லையா? வேலையில் சேர்ந்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கம்பெனியையும் நடத்தலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 6.5, 4 என்ற இரண்டு எண்களைப் பார்ப்போம். உங்கள் மனதை அதிகம் வருத்துபவை அவைதான். அவை எதை அளக்கின்றன என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

இத்தகைய கேள்வித்தாள்களுக்கு அடிப்படை, உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991இல் விரித்து எழுதிய ஒரு கோட்பாடு. ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணம் மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் காரியம் நல்லது என்று நமக்கே தோன்றுவது ஒன்று. வீடும் நண்பர்களும் அதை ஏற்பார்கள் என்ற நினைப்பு இன்னொன்று. என்னால் முடியும் என்ற நம்பிக்கை மூன்றாவது. உங்கள் சராசரி குறைந்தது உண்மை, ஆனால் மூன்றுமே சேர்ந்து குறையவில்லை. தொழில் செய்வது இன்னும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா பணம் திரட்டித் தரும் அளவுக்கு நம்புகிறார். மூன்றாவது மட்டும்தான் குறைந்திருக்கிறது. கணக்கு, வரி, வசூல், பழுது பார்ப்பு எல்லாம் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, ‘இதெல்லாம் என்னால் முடியுமா’ என்று கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் நாள் போட்ட 6.5 மதிப்பெண், இவை எதுவும் தெரியாதபோது போட்டது. என் பார்வையில் உங்கள் 4 அந்த 6.5ஐ விட நம்பத்தக்கது.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களே சிறு கம்பெனி நடத்திப் பழகும் பாடத்தை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், தொழில் தொடங்கும் எண்ணம் பாடத்துக்குப் பிறகு குறைந்திருந்தது. அதே ஆண்டு வெளியான மியூனிக் ஆய்விலும் சராசரி எண்ணம் சற்றே குறைந்தது. ஆனால் அங்கே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: தனக்கு இது ஒத்துவருமா, வராதா என்பதில் மாணவர்களுக்குத் தெளிவு கூடியிருந்தது. ஒத்துவராது என்று தெரிந்துகொண்டு விலகியவருக்கும் பாடம் பயன்பட்டிருக்கிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். லண்டன், கிரெனோபிள் மாணவர்களை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் எண்ணம் கூடியது. கூட்டியது பாட அறிவைவிட வகுப்பில் கிடைத்த உந்துதல். 2014இல் 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பாடத்துக்கும் எண்ணத்துக்கும் சிறிய தொடர்பே தெரிந்தது. பாடத்துக்கு முன்பே மாணவர்களிடம் இருந்த எண்ணத்தைக் கழித்துப் பார்த்தபோது, குறிப்பிடும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே, மதிப்பெண் உயர்ந்த நண்பர் தயாராகிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம், குறைந்த நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றும் எண்ண வேண்டாம்.

எண்ணம் வேறு, தயார்நிலை வேறு. பயிற்சி எங்கே பலன் தந்திருக்கிறது என்று பாருங்கள். 1964இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் குழு காக்கிநாடாவின் சிறு வணிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் பின்னர் கூடுதலாக முதலீடு செய்தார்கள், தொழிலை விரித்தார்கள். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களிடம் நடந்த சோதனை 2017இல் வெளியானது. தானே முன்முயற்சி எடுக்கும் பழக்கத்தைக் கற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்கு வைப்பு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பாடம் கற்றவர்களுக்குக் கூடியது 11 சதவீதம். அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு. இரண்டு இடத்திலும் பயிற்சிக்கு வந்தவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். காலையில் கற்றதை மாலையில் கடையில் செய்து பார்க்க முடிந்தது. உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். வகுப்பு முடிந்தும் பணம் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர்கூட உங்களிடம் இல்லை.

87 பேர் சொன்ன ‘வாங்குவோம்’

அந்தச் சர்வேயை நம்பிச் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம். 120 பேரும் உங்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களில் யாருக்கும் சொந்தத் தொட்டி கிடையாது. செலவில்லாமல் சொல்லும் ‘ஆம்’ வெறும் மரியாதை.

உங்கள் கருவிக்கு மூன்று பேர் வேண்டும். மூவரும் வேறு வேறு ஆட்கள். பணம் கொடுப்பவர் பி.ஜி. விடுதி உரிமையாளர் அல்லது அடுக்ககச் சங்கத்தின் பொருளாளர். செய்தியைப் பார்த்து மோட்டார் போடுபவர் காவலாளி. பொருத்துவதற்கும் பின்னால் பழுது பார்ப்பதற்கும் நம்பப்படுபவர் அந்தக் கட்டடத்தின் பிளம்பர். சங்கம் என்றால் கமிட்டிக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்காமல் செலவு செய்ய முடியாது, ஒரு விற்பனைக்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். விடுதி உரிமையாளர் அன்றே முடிவெடுப்பார், ஆனால் விலையில் கறாராக இருப்பார். காவலாளிக்குச் செய்தி எந்த மொழியில் போக வேண்டும் என்பதை உங்கள் திட்ட அறிக்கையில் நீங்கள் எழுதவே இல்லை.

கேள்வியையும் மாற்றுங்கள். ‘வாங்குவீர்களா’ என்று கேட்காதீர்கள். ‘கடைசியாகத் தொட்டி காலியானது எப்போது? யார் முதலில் போன் செய்தார்? டேங்கருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று நடந்ததைக் கேளுங்கள். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது பெங்களூரு மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. இப்படி ஒரு எண் கையில் இருந்தால் உங்கள் கருவியின் மதிப்பை அதோடு ஒப்பிட்டுப் பேசலாம். அவசரத்துக்கு வரவழைக்கும் எத்தனை டேங்கரை உங்கள் கருவி மிச்சப்படுத்தும்? பதில் ஒன்று, இரண்டு என்றால் உங்கள் விலை அதற்குள் அடங்க வேண்டும்.

பருவத்தையும் பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை எல்லோரும் கேட்பார்கள். மழை தொடங்கியதும் போன் எடுக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் பெங்களூருக்கான காவிரிக் குடிநீர் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீருக்கு வழி வந்திருக்கிறது. அந்தக் குழாய் எட்டிய பகுதியில் உங்கள் கருவிக்குத் தேவை ஒரு மாதிரி, எட்டாத பகுதியில் வேறு மாதிரி. ‘பெங்களூரின் எல்லா அடுக்ககங்களிலும் 1 சதவீதம்’ என்று நீங்கள் காட்டிய ஸ்லைடு இதை மறைத்துவிடுகிறது.

கணக்கில் விட்டுப்போனவை

ஒரு கருவி 4,500 ரூபாய், பாகங்கள் 2,600, லாபம் 1,900 என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே தந்திருக்கும் மற்ற விவரங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கும் பாகங்கள் 2,600. பெட்டி, கேபிள், கிளாம்ப் 350. இரண்டு பேர் அரை நாள் போய்ப் பொருத்தும் செலவு 600. மாடிக்கு வைஃபை எட்டாததால் போடும் சிம்முக்கு ஆண்டுக்கு 1,200. பத்தில் ஒரு கருவி ஓராண்டில் கெட்டு, பாகங்களுக்கு 2,600, போய்வர 400 என்று மாற்றிக் கொடுத்தால், கருவிக்கு 300 வீதம் ஒதுக்க வேண்டும். மொத்தம் 5,050. ஒவ்வொரு கருவிக்கும் 550 ரூபாய் நட்டம். இதில் உங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூடச் சம்பளம் இல்லை.

இதனால் தொழில் நடக்காது என்று அர்த்தமில்லை. சிம்மும் பராமரிப்பும் முதல் விலைக்குள் அடங்கக் கூடாது. ஆண்டுச் சந்தாவாகத் தனியே வாங்க வேண்டும் என்றுதான் அர்த்தம். போட்டி நடுவர்கள் பார்த்தது பத்து நிமிடப் பேச்சை. இந்த 550ஐ அவர்கள் தேடவில்லை, தேடுவது அவர்கள் வேலையும் அல்ல.

பத்தில் ஒன்று கெடும் என்றேன். அதற்கும் காரணங்கள் உண்டு. நீங்கள் பயன்படுத்தும், ஒலியலையின் எதிரொலியால் தூரத்தை அளக்கும் நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சார், தன் முகத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அளக்காது. தொட்டி நிரம்பி நீர் அந்த எல்லைக்குள் வந்ததும் தவறான எண் காட்டும். நிரம்பி வழியும் நேரத்தில்தான் கருவி பொய் சொல்கிறது என்றால், வாடிக்கையாளர் அதை மறுநாளே கழற்றச் சொல்வார். மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து சென்சார் முகத்தில் துளிகள் நிற்கும். அப்போதும் அளவு குதிக்கும். மிதவை சென்சாருக்கு மாறினால், போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து இறுகும். இவை எதுவும் ஆய்வகத்து பிளாஸ்டிக் டிரம்மில் தெரியாது.

பதிவு செய்வதற்கு அவசரம் இல்லை

பிரைவேட் லிமிடெட் என்று பெயர்ப்பலகை மாட்டினால்தான் தொழில் தொடங்கியதாக ஆகும் என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்கள். சட்டப்படி அப்படி இல்லை. கம்பெனி பதிவானதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 30 நாளுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். 180 நாளுக்குள் பங்குப் பணம் வந்ததைக் காட்டி ஐ.என்.சி.-20ஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை, நிதிநிலை அறிக்கைக்கான ஏ.ஓ.சி.-4 படிவம், ஆண்டு விவர அறிக்கைக்கான எம்.ஜி.டி.-7ஏ படிவம் உண்டு. கடைசி இரண்டும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஓராண்டு மறந்தால் 73,000. மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள்; பின்னால் நீங்கள் உண்மையாகவே ஒரு நல்ல கம்பெனி தொடங்கும்போது அது குறுக்கே நிற்கும். மூடுவதும் இலவசமல்ல. எஸ்.டி.கே.-2 படிவத்துக்கு அரசுக் கட்டணமே 10,000, அதற்கு முன் நிலுவைகள் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனியாள் தொழிலுக்குக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அதன் வரிச்சலுகை லாபம் வந்தவர்களுக்குத்தான். 2021இல் தொடங்கிய மத்திய அரசின் விதை நிதித் திட்டத்தில், விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. அவசரப்பட்டுப் பதிவு செய்தால், கருவி தயாராகும் முன்பே இப்படிப்பட்ட கெடு தீர்ந்துபோகும்.

அதற்காக எதையும் எழுதி வைக்காமல் மூவரும் விற்கத் தொடங்கினால் ஆபத்தில்லை என்றும் எண்ணாதீர்கள். லாபத்தைப் பங்கிடச் சேர்ந்து தொழில் செய்தாலே, 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கூட்டாளிகள். ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்ற இருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர்மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடவும் முடியாது. எனவே சோதனைக் காலத்துக்கு ஒருவர் பெயரில் தனியாள் தொழிலாக நடத்துங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. செலவை எப்படிப் பிரிப்பது, வரவை எப்படிப் பிரிப்பது, கருவியின் வடிவமைப்பு யாருடையது, கடன் வாங்குவதில்லை என்ற நான்கையும் இரண்டு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு எச்சரிக்கை. கர்நாடகத்துக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை; சந்தா போன்ற சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் வரை. ஓசூரில் இருக்கும் மாமா வீட்டுக்கும் அந்த அடுக்ககத்துக்கும் முதலில் விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசூர் தமிழ்நாடு. மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். முதல் ஐந்து கருவியையும் பெங்களூருக்குள்ளேயே விற்றுவிடுங்கள். கருவியிலிருந்து செய்தி அனுப்பும் பாகத்துக்கு, சான்று பெற்ற ரேடியோ மாட்யூலையே வாங்கி, அதன் சான்றிதழ் நகலைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்புரிமைக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். நீர்மட்டக் கருவி புதிய கண்டுபிடிப்பு அல்ல.

சம பங்கும் 8 சதவீதமும்

மூன்று பேருக்கும் 33.33 என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஒருவர் அடுத்த ஆண்டு வெளிநாடு போனால் என்ன ஆகும்? அவருடைய பங்கு அவரோடு போகும், உழைப்பு போகாது. கம்பெனியின் முக்கிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 33 சதவீதத்தைக் கையில் வைத்திருப்பவர் எங்கிருந்தும் எதிர்த்து வாக்களித்து அதைத் தடுக்கலாம். இது நட்பின் குறையல்ல, நீங்கள் வகுக்கத் தவறிய விதி.

இதற்கான ஏற்பாட்டை வெஸ்டிங் என்பார்கள். நான்கு ஆண்டு வேலை செய்தால்தான் முழுப் பங்கும் சொந்தம். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை. பிறகு மாதாமாதம் சிறிது சிறிதாக உரிமையாகும். கம்பெனி பதிவாகும் நாளிலேயே ஒப்பந்தத்தில் இதை எழுத வேண்டும். சண்டை வந்த பிறகு எழுத முடியாது. ஜி.ஆர்.இ. எழுதிய நண்பரிடம் இதை நேரில், மற்றவர் முன்னால் பேசுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறோம் என்றால், பங்குதாரர்களாக நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

இன்குபேட்டர் கேட்கும் 8 சதவீதம் அநியாயம் அல்ல. மாணவர், ஆசிரியர் நிறுவனங்களுக்காக 2019இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட கொள்கையில், கல்லூரி தரும் உதவிக்கு ஏற்ப 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு வாங்கலாம் என்று இருக்கிறது. 8 என்பது அதன் மேல்முனை. அதற்கு ஈடாக என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மேசையும் மின்சாரமும் மட்டும் என்றால் அது விலை அதிகம். கல்லூரி ஆய்வகத்தையும் நிதியையும் பெரிதாகப் பயன்படுத்தியிருந்தால், வடிவமைப்பில் கல்லூரிக்கும் உரிமை வரலாம். அதையும் இப்போதே தெளிவாக்குங்கள். பதிவு செய்யாத குழுக்களுக்கு முன்நிலைச் சேர்க்கை தரும் இன்குபேட்டர்கள் பல உண்டு. உங்கள் கல்லூரியில் அது இல்லையென்றால் வெளியே தேடுங்கள். பன்னேர்கட்டா சாலையில் ஐ.ஐ.எம். வளாகத்தில் இருக்கும் என்.எஸ்.ஆர்.சி.இ.எல். என்ற இன்குபேட்டர் வெளி ஆட்களையும் எடுக்கிறது.

வேலையும் பாண்டும்

‘பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று நண்பர்கள் சொன்னதை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்திருந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்றும் அதற்குப் பொருளில்லை. நிறுவனத்துக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்புக்கு ஏற்ற நியாயமான தொகைதான் கேட்க முடியும். ஆனாலும், கையெழுத்திடும்போது 1.5 லட்சத்தைக் கட்ட வேண்டிவரும் என்றே எண்ணிக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

சொல்லாமல் கம்பெனி நடத்துவது வேண்டாம். பணி ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைத் தேடுங்கள். ஒன்று, வேறு தொழிலில் ஈடுபடக் கூடாது என்பது. மற்றொன்று, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவது நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது. இரண்டாவதுதான் கொடியது. உங்கள் கருவியின் அடுத்த வடிவத்தையே அவர்களுக்கு எழுதிக்கொடுத்ததாக ஆகலாம். சேரும் முன், ஏற்கெனவே செய்துவைத்த கருவியின் விவரத்தை எழுதி, அது இதில் அடங்காது என்று மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் கேளுங்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

வேலைக்குப் போனால் வயது போய்விடும் என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரிந்தது. உங்களுக்கு 21.

ஜூலைக்கு முன் செய்ய வேண்டியது

ஆறு மாதம் இருக்கிறது. அதில் மூன்று மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். செலவு உச்சவரம்பு 40,000. அதில் 25,000 பரிசுப் பணம், மீதி மூவரும் ஆளுக்கு 5,000. அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது.

முதல் மூன்று வாரம் விற்காதீர்கள். விடுதி உரிமையாளர், சங்கப் பொருளாளர் என்று பத்துப் பேரையும், பிளம்பர் ஐந்து பேரையும் சந்தியுங்கள். அடுத்த ஐந்து வாரத்தில் ஐந்து கருவிகள், ஐந்து இடங்கள். பாதிப் பணம் முன்பணம். இலவசமாக ஒன்றைக்கூடப் பொருத்தாதீர்கள். இலவசக் கருவி கெட்டால் யாரும் போன் செய்து திட்ட மாட்டார்கள், உங்களுக்குத் தேவை அந்தத் திட்டுதான். கடைசி நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தத் தேதி, என்ன பழுது, யார் போனார்கள், எத்தனை மணி நேரம் ஆனது. மூவரில் ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறியவர் யார் என்பதை அந்த நோட்டு தானாகவே காட்டிவிடும். பங்கு பிரிக்கும்போது அதுவே சாட்சி.

ஐந்தில் மூன்று பேர் மீதிப் பணத்தையும் சந்தாவையும் கேட்காமலே கட்டி, ஒருவராவது இரண்டாவது கருவி கேட்டால், வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கருவி ஒரு மாதம் தொடர்ந்து சரியாக அளக்கவில்லை என்றாலோ, மூன்றாவது முறை கேட்டும் பணம் வரவில்லை என்றாலோ, வேலையில் சேருங்கள். அம்மாவுக்கு இந்த அளவுகோலை இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் எதிர்ப்பது தொழிலை அல்ல, முடிவே தெரியாத காத்திருப்பை என்றே எனக்குப் படுகிறது.

அப்பாவின் சீட்டு. மாதம் 7,500 வீதம் 40 மாதம், இதுவரை 6 தவணை கட்டியிருக்கிறார். இவ்வளவு முன்னதாக ஏலத்தில் எடுத்தால் தள்ளு அதிகம் போகும். 90,000 தள்ளிக் கேட்டால் கையில் வருவது 2,10,000. ஏலக்கழிவு போக மீதித் தவணை 34 மாதத்துக்குத் தொடரும். ஜாமீன் கையெழுத்துப் போடும் அவருடைய சக தொழிலாளிகளும் அதில் சிக்குவார்கள். கம்பெனி ஆறாவது மாதம் நின்றுபோனாலும் தவணை நிற்காது. அந்தச் சீட்டு அப்படியே ஓடட்டும்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது வேறு. தொட்டி மூடிக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் சென்சாரை அசையாமல் நிறுத்தும் துருப்பிடிக்காத தாங்கி ஒன்று உங்களுக்கு வேண்டும். அப்போதுதான் நிரம்பிய நீர் அந்த அளக்காத எல்லைக்குள் வராது. மூடியின் திறப்பு குறுகலாக இருந்தால் ஓரம் பட்டு எதிரொலி திரும்பும், ஆகவே அளவு ஒவ்வொரு தொட்டிக்கும் மாறும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், அளவெடுக்கச் சொல்லுங்கள்.